மசேகோ அடுத்தவர் கடிதத்தைப் படிக்கமாட்டார்

பலாகா பஸ் நிலையத்தில் ஒருவர் தும்மினால் சந்தையின் மறுகோடியில் தக்காளி விற்பவள், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்பாள். எங்கள் ஊர் லட்சணம் அப்படி. யார் வீட்டில் என்ன மீன் வெந்தது, எந்த வாத்தியார் எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார், யார் மருமகள் யாரிடம் கோபித்துக்கொண்டு பெட்டி கட்டினாள் என்பதெல்லாம் சூரியன் உச்சிக்கு வருமுன் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் வேறு மாதிரி பேச்சு இருந்தது. லாஸ்டன் மசேகோவிடம் எதைக் கொடுத்தாலும் அது கொடுத்தபடியே இருக்கும். மசேகோ அடுத்தவர் கடிதத்தைப் படிக்கமாட்டார்.

அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்கு முப்பத்தேழு வருஷம் பிடித்தது. பத்தொன்பது வயதில் தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், ஸோம்பாவிலும் லிம்பேயிலும் நின்று தேய்ந்து கடைசியில் பலாகாவுக்கு வந்து சேர்ந்தார். தபால் அட்டையை அவர் பிடிப்பதே தனி விதம். முகவரிப் பக்கம் மேலே, எழுதிய பக்கம் உள்ளங்கைக்குள். ஒரு அட்டைகூட அவர் கையில் புரண்டு கிடந்ததில்லை. அவர் மனைவி நெல்லி உயிரோடு இருந்த காலத்தில் கேலி செய்வாள்: "நாலு வரி எழுதி ஊர் பாக்க அனுப்புறாங்க. அதைப் பாத்தா உங்க கண்ணு அவிஞ்சா போயிடும்?" மசேகோ சிமாக் களியை உருட்டி உசிப்பா மீன் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அவரோடு வேலை பார்த்த ஜைலோஸ் என்பவன் அட்டைகளைப் படித்துச் சிரிப்பான். ஒருநாள் ஒரு அட்டையில் இருந்த சங்கதியை பஸ் நிலையத்தில் சொல்லிவைக்க, அது ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டது. மசேகோ தன் கைப்பட மேலிடத்துக்கு எழுதினார். ஜைலோஸுக்கு வேலை போயிற்று. மூன்று பிள்ளைகள் வேறு. கெஞ்சினான், மசேகோ வீட்டு வாசலில் அவன் மனைவி வந்து உட்கார்ந்து அழுதாள். மனிதர் இளகவில்லை. ஜைலோஸ் அதற்குப் பிறகு பஸ் நிலையத்தில் மந்தாசி என்ற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்றுப் பிழைத்தான். மசேகோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "வாங்க வாங்க, கண்ணில்லாத தபால்காரரே! மந்தாசி வெந்திருச்சான்னு பாத்துச் சொல்லுங்க, அய்யோ, பாக்கமாட்டீங்களே!" என்று கூவுவான். அந்தக் கேலிகூட மசேகோவுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஓய்வு பெற்றபின் பஸ் நிலையத்துக்கு எதிரே கடை போட்டார். தட்டச்சு, நகல், மின்னஞ்சல் என்று நீலப் பெயின்ட்டில் பலகை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சுவரில் தச்சனைக் கொண்டு இருபத்துநாலு மர அறைகள் அடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, தபால் நிலையத்தில் இருப்பது போலவே வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுத்தது அவருடைய தங்கை மகள் தாமந்தானி. பிளான்டயர் நகரத்தில் அதே வேலையாக இருந்த முப்பது வயதுப் பெண். யாரிடமும் பயமில்லாமல் பேசுவாள், தாய்மாமனிடம்கூட.

"மாமா, இதைக் கேளுங்க. இணையத்துல ஒரு பக்கத்தைப் பாக்குறப்ப 'எங்களுக்கு எழுதுங்க'ன்னு ஒரு முகவரி இருக்கும். அதைத் தட்டினா கம்ப்யூட்டர் கேக்கும், எந்த மெயிலைத் தெறக்கட்டும்னு. ஒரு தடவை சொல்லிட்டா அதுக்கப்புறம் கேக்காது. எப்பவும் அதையே தெறக்கும். என்ன வைக்கட்டும்?"

"என்னோடதைத் தெறக்கச் சொல்லு."

"உங்களோடதையா? வர்றவங்கல்லாம் உங்க முகவரியிலேருந்தா எழுதுவாங்க?"

"தபால் பெட்டி யார் பேர்ல இருந்தா என்ன? நீ பள்ளிக்கூடத்துல படிச்சப்ப உனக்கு வந்த கடிதமெல்லாம் யார் பெட்டிக்கு வந்துச்சு?"

"மாவு மில்லுக்காரர் பெட்டிக்கு."

"அதுக்காக மில்லுக்காரரா போய் உன் பரீட்சையை எழுதினாரு?"

தாமந்தானி சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. "அது வேற மாமா. அவங்கவங்க சொந்த மெயில் இங்கேயே தெறக்கிற மாதிரி வச்சிடறேன். பதில் நேரா அவங்ககிட்டயே போயிடும். நடுவுல நீங்க எதுக்கு?"

"பாதிப் பேருக்கு முகவரியே கிடையாது. முகவரி இருக்கிறவங்களுக்கு பாஸ்வேர்டு மறந்துபோகும். நடுவுல லைன் போச்சுன்னா எழுதினது அத்தனையும் போச்சு. என் பெட்டியில எழுதினா லைன் திரும்பி வர்ற வரைக்கும் பத்திரமா உக்காந்திருக்கும். நான் சொன்னதை வை."

'எப்போதும் இதையே திற' என்ற கட்டத்தில் அவரே குறி போட்டார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமான காரணங்கள்தான். எங்கள் ஊரில் வீடு தேடித் தபால் வராது; தபால் நிலையத்தில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்துப் பெட்டி, கோயில் பெட்டி, மில் பெட்டி என்று யாராவது ஒருவருடைய பெட்டி மூலமாகத்தான் எல்லோருக்கும் கடிதம் வந்து பழக்கம். 'மசேகோ மூலமாக' என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஆனால் அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கை வழியாக ஒரு கடிதமும் போகவில்லை. காலையில் எழுந்தால் கை தானாக எதையோ பிரிக்கத் தேடும். நெல்லியும் போய்விட்டாள். அந்தக் குறி போட்ட நாளில் அவர் மறுபடியும் தபால்காரர் ஆனார்.

வழக்கமும் தபால் நிலைய வழக்கமேதான். கடிதம் எழுதுகிறவர், பொருள் என்ற இடத்தில் முதலில் தன் பெயரைப் போடவேண்டும். எழுதும்போது மசேகோ நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பதில் வந்தால் வரிசையில் பெயர் மட்டும் தெரியும். அதைத் திறக்காமலே பிரிண்டருக்கு அனுப்புவார். காகிதம் வந்து விழும் இடத்தில் பழைய செய்தித்தாளைக் கூடாரம் மாதிரி போட்டு மூடியிருப்பார். கையை உள்ளே விட்டு, குப்புற எடுத்து, மடித்து, உறையிலிட்டு ஒட்டி, அறையில் வைப்பார். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் காதல் கடிதமும், கடன் கேட்டு எழுதும் கடிதமும், ஜோகன்னஸ்பர்க்கில் காணாமல் போன புருஷனைத் தேடும் கடிதமும் எழுத வேண்டியவர்கள் பக்கத்துத் தெருவில் நாலு கடை இருந்தும் இங்கேதான் வந்தார்கள்.

லெதினாவும் அப்படித்தான் வந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஆயா. பதினெட்டு வருஷமாகப் பச்சைச் சீருடையும் வாளியும் துடைப்பமும். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் முதலில் விழுந்தன என்று சொன்னால் நர்ஸ்மார்களே மறுக்கமாட்டார்கள். இரண்டு நர்ஸ், இருபது பிரசவம் என்றால் யார் பிடிப்பது? ஆனால் பதிவேட்டில் கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது.

"ஐயா, ஒரு கல்லூரி இருக்காம். என்னை மாதிரி வார்டுல பழகினவங்களை எடுத்து நர்ஸாக்குறாங்களாம். அவங்க பக்கத்தைத் தெறந்து குடுங்க. நானே எழுதறேன்" என்றாள்.

திறந்து கொடுத்தார். அவள் ஒற்றை விரலால் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்பதைத் தட்டினாள். மசேகோவின் மெயில் திறந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் டொக் டொக்கென்று ஒற்றை விரல் சத்தம். நடுநடுவே பெருமூச்சு.

"வயசு நாற்பத்தஞ்சு தாண்டக் கூடாதாம் ஐயா. வர்ற பிப்ரவரியோட எனக்கு நாற்பத்தஞ்சு முடியுது. வகுப்பு ஜனவரியில. கதவு மூடுற நேரத்துல மாட்டின கோழி மாதிரி இருக்கேன்."

"நுழைஞ்சிடுவீங்கம்மா" என்றார் மசேகோ, சுவரைப் பார்த்தபடியே.

"நீங்க திரும்பிப் பாத்துச் சொன்னா நம்புவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடிதம் போயிற்று. அவளுக்குப் பதினேழாம் அறையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு வார்டு முடிந்து போகும்போதெல்லாம் வாசலில் நின்று, "எனக்கு ஏதாவது?" என்பாள். அறை காலி என்று தெரிந்தும் மசேகோ எழுந்துபோய்ப் பதினேழில் கையை விட்டுப் பார்த்து, "இன்னும் இல்லைம்மா" என்பார். அப்படி ஏழு வாரம் ஓடியது.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, சங்கானோ மலையில் இருந்த அவளுடைய அண்ணன் இறந்துபோனான். லெதினா தலையில் துணி மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக வந்து கடை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வந்தா பெட்டியில வையுங்க ஐயா. அடக்கம் முடிஞ்சு, பிள்ளைங்க யார்கிட்ட இருக்கும்னு பேசி முடிச்சிட்டு, புதன்கிழமை வந்துடுவேன். மேல போன் எடுக்காது."

"போயிட்டு வாங்கம்மா. துக்கம் பெரிசு" என்றார்.

பதில் திங்கட்கிழமை வந்தது. வரிசையில் பெயர்: லெதினா சிமோம்போ. பிரிண்டருக்கு அனுப்பினார். பாதிக் காகிதம் வெளியே வந்து, நறநறவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. செய்தித்தாளை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மூலை கொஞ்சம் கிழிந்து காகிதம் கையோடு வந்தது, எழுத்துப் பக்கம் மேலாக. நடுவில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. தடித்த எழுத்தைக் கண் தேடிப் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

மசேகோ காகிதத்தைக் குப்புறப் போட்டார். மடித்தார். உறையிலிட்டு ஒட்டினார். பதினேழில் வைத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. 'நான் படிக்கவில்லை, கண்ணில் பட்டது' என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவள் புதனன்று வந்துவிடுவாள். வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை சங்கானோவிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டி வந்து கடைக்கு எதிரே நின்றது. வாராவாரம் வருவதுதான். ஓட்டுநர் காலோங்கா மூட்டை மேல் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். மசேகோ கடையை விட்டு இறங்கிப் போனார். வியாபாரம் இல்லாத நாளில்கூட அவர் அப்படிக் கடையை விட்டு இறங்குவதில்லை.

"கிழங்கு என்ன விலை?"

"உங்களுக்கா? பாத்துக் குடுக்கிறேன். அட, நீங்க பாக்கமாட்டீங்களே, நானே பாத்துக் குடுக்கிறேன்!" என்று சிரித்தான் காலோங்கா. ஜைலோஸின் கேலி அதற்குள் ஊர்க் கேலியாகியிருந்தது. "மேல பெரிய சாவு. உங்க ஆஸ்பத்திரி லெதினாம்மா அங்கதான் இருக்காங்க. பாவம், நாலு பிள்ளைங்க. சாயங்காலம் திரும்பறேன். அவங்ககிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அந்தக் கேள்வியை அவன் தானாகவே கேட்டான். தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல. 'உடனே கிளம்பி வரச் சொல்லு' என்று நாலு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எதற்கு வரச் சொல்கிறார் என்று காலோங்கா கேட்பான். கேட்காவிட்டாலும் யூகிப்பான். யாருக்குக் கடிதம் வந்தது என்பதைக்கூட மசேகோ மூன்றாமவரிடம் சொன்னதில்லை; அன்று மட்டும் சொன்னால் உள்ளே இருப்பதும் தெரிந்துதான் சொல்கிறார் என்பான். பத்தடி தள்ளி ஜைலோஸ் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மாலைக்குள் நிலையம் முழுக்கத் தெரிந்துவிடும், மசேகோ படிக்கிறார் என்று. மூன்று பிள்ளைக்காரனை எந்தக் குற்றத்துக்கு நடுத்தெருவில் நிறுத்தினாரோ அதே குற்றம். இருபத்துநாலு அறைக்குச் சொந்தக்காரர்களும் தங்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்லை" என்றார் மசேகோ. "என் ஆறுதலைச் சொல்லு."

இரண்டு கிலோ கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. மசேகோ வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு வண்டி வரும்போதும் இறங்குகிறவர்களை எண்ணினார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. அந்தக் கடிதம் அவருடைய மெயிலில்தான் இருக்கிறது. அவருடைய முகவரிக்குத்தான் வந்திருக்கிறது. பதில் என்ற பொத்தானை அழுத்தி 'சம்மதம், லெதினா' என்று இரண்டு வார்த்தை எழுதினால், கல்லூரிக்காரர்களுக்கு அது லெதினாவின் கையிலிருந்து வந்த கடிதம். அந்தக் கட்டத்தில் அவரே போட்ட குறியால் வந்த வசதி அது.

இரண்டு வார்த்தையும் எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் பெயரில் பதில் எழுதுவது, படிப்பதைவிடப் பெரிய குற்றம் என்று அவருடைய இலாகா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அவள் வந்து, 'என்னைக் கேக்காம எப்படி எழுதினீங்க?' என்றால்? 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றால்? மின்சாரம் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். எங்கள் ஊரில் வாரத்துக்கு நாலு நாள் போகிற மின்சாரம் அன்று பார்த்துப் போகவில்லை. லைனும் விட்டுப்போகவில்லை. நாலரை. நாலே முக்கால். ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த இரண்டு வார்த்தையையும் எழுத்தெழுத்தாக அழித்தார். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

லெதினா சனிக்கிழமை காலை வந்தாள். துக்கத்துக்காகத் தலை மழித்திருந்தது. மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு, "எனக்கு ஏதாவது?" என்றாள். உறையைக் கொடுத்தார். நின்றபடியே பிரித்துப் படித்தாள். உதடு அசைந்துகொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் நின்றது.

"நேத்து" என்றாள். "ஐயா, நேத்தோட முடிஞ்சிருச்சு."

மசேகோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"புதன்கிழமையே வரத்தான் இருந்தேன். காலோங்கா வந்தான். கடிதம் ஏதாவது வந்துச்சுன்னு மசேகோ ஐயா சொன்னாரான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாரு, ஆறுதல் மட்டும் சொன்னாருன்னான். சரி, ஒண்ணுமில்லைல்லன்னு பிள்ளைங்களுக்காக மூணு நாள் தங்கிட்டேன்." அவள் முகத்தைத் துணியால் துடைத்தாள். "கடிதம் வந்ததைக்கூட நீங்க மூணாம் ஆள்கிட்ட சொல்லமாட்டீங்க. தெரிஞ்சும் அவனை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதே ஒற்றை விரலால் கல்லூரிக்குக் கெஞ்சி எழுதினாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். செவ்வாயன்று பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, அடுத்த ஆண்டு வயது வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பிக்கலாம்.

ஊர் சும்மா இருக்குமா? "கண்ணிருந்தும் குருடனா? ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா அந்தப் பொம்பளை இன்னிக்கு நர்ஸு!" என்று நிலையம் முழுக்க ஏச்சு. ஜைலோஸ் மட்டும், என்ன காரணமோ, அந்த வாரம் கேலி செய்யவில்லை. தாமந்தானி போனில் கத்தினாள். "அன்னிக்கே சொன்னேனா இல்லையா? அவங்க மெயில் தெறக்கிற மாதிரி வச்சிருந்தா கடுதாசி அவங்களுக்கே போயிருக்கும். ஊரைத் தாண்டி ஒரு மேட்டுல ஏறி நின்னா போன்லயே பாத்திருப்பாங்க!"

அவருக்காகப் பேசியது லெதினா ஒருத்திதான். சந்தையில் நாலு பேர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "அவர் படிக்கமாட்டார்னு தெரிஞ்சுதானே எல்லாரும் அங்க போறோம்? நமக்கு வேணும்கிறப்ப மட்டும் படிக்கணும்னா எப்படி? விடுங்க." அதோடு ஏச்சு அடங்கியது. கொஞ்ச நாளில் அந்தச் சங்கதியே அவருக்குப் பெருமையாகிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையே உறைக்குள் இருந்தும் பிரித்துப் பார்க்காத மனிதர் என்று புதிதாக ஊருக்கு வந்த ஆசிரியர்களுக்குக்கூடச் சொன்னார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மசேகோ தாமந்தானியை வரவழைத்தார். "அந்தக் குறியை எடுத்துடு. அவங்கவங்க மெயிலையே தெறக்கட்டும்." ஐந்து நிமிஷ வேலை. அவள் முடித்துவிட்டு, "இதை அப்பவே செஞ்சிருக்கலாம் மாமா" என்றாள். அவர், "ஆமாம்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு மர அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆட்கள் வந்தார்கள், தட்டினார்கள், போனார்கள். கடிதம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. அது தனக்குத் தகுந்த தண்டனை என்று நினைத்தார். ஆனால் அந்தத் தண்டனையால் லெதினாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவள் பச்சைச் சீருடையில் தினமும் கடை வழியாகப் போனாள். "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் அவர் பொய் சொன்னார்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு எங்கள் சபையில் முறையீட்டுப் பெட்டி ஒன்று வைப்பதென்று முடிவானது. பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் குறைகளை எழுதிப் போடலாம். போதகர் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து திறப்பார். அதுவரை சாவி யாரிடம் இருப்பது? ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை. ஒருவரை ஒருவர் நம்பவில்லை. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து லெதினா எழுந்தாள்.

"மசேகோ ஐயாகிட்ட குடுங்க. என் கடிதம் அஞ்சு நாள் அவர்கிட்ட இருந்துச்சு. அதுல என் படிப்பு, என் சம்பளம், என் பேரு எல்லாம் இருந்துச்சு. அவர் தொட்டுப் பாக்கல. எனக்கு நஷ்டம்தான். ஆனா மனுஷன்னா அப்படி இருக்கணும்."

சபை முழுக்கக் கை தட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். மசேகோவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து நின்றார். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வயசாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரசவ வார்டு நடையில் லெதினா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க நர்ஸ் ஒருத்தி மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஐயா! யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைம்மா." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கடிதம். காகிதம் பிரிண்டர்ல மாட்டிக்கிச்சு. இழுத்தப்ப அந்த வரியைப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமைங்கிற வரியை. திங்கக்கிழமையே பாத்துட்டேன்."

துடைப்பம் நின்றது. அவள் நிமிரவில்லை.

"காலோங்கா கேட்டப்ப?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒண்ணுமில்லைன்னீங்க."

"ஆமாம்மா. என் பேரு கெட்டுடும்னு." தொப்பியை மறுகைக்கு மாற்றினார். "வெள்ளிக்கிழமை பதில்கூட எழுதினேன். அழிச்சிட்டேன்."

உள்ளேயிருந்து அந்த நர்ஸ், "லெதினாம்மா! மூணாம் கட்டில்ல தலை தெரியுதான்னு கொஞ்சம் பாருங்களேன், எனக்குப் பயமா இருக்கு!" என்று கூப்பிட்டாள். "வர்றேன் தாயி" என்றாள் லெதினா, இருந்த இடத்திலிருந்தே. பிறகு மசேகோவைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏழு வருஷமா யார் மேலயும் கோவமில்லாம இருந்தேன் ஐயா. சாவும் கடிதமும் ஒரே வாரத்துல வந்துடுச்சு, யார் என்ன பண்ண முடியும்னு நெனச்சுப் படுத்தா தூக்கம் வரும். எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதையும் வாங்கிட்டுப் போகவா வந்தீங்க?"

"சபையில சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். சாவி எனக்கு வேண்டாம்."

"சொல்லக் கூடாது." அவள் குரல் உயரவில்லை. "எழுந்து நின்னு சொன்னது நான். ஏழு வருஷமா உங்களுக்காக ஊரோட மல்லுக்கு நின்னது நான். நாளைக்கு அவங்க என்னைப் பாத்துச் சிரிக்கணுமா? படிப்பும் போச்சு, பைத்தியக்காரின்னும் பேர் வாங்கணுமா? அந்தப் பேரை நீங்களே வச்சிக்கிட்டு இருங்க."

வாளியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. மசேகோ ஈரத் தரையில் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்து வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு போதகர் வந்து, முறையீட்டுப் பெட்டியை ஜெபம் செய்து சுவரில் மாட்டினார். சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்து, "அடுத்தவர் கடிதத்தைப் படிக்காத சகோதரர்" என்று சொல்லி மசேகோவின் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் லெதினாவும் எல்லோரையும் போலவே கை தட்டினாள். அவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை.